புழுங்கல் அரிசிக்குள் புரதம் எங்கே இருக்கிறது? நானோ ஐஆரில் பார்க்க முடியுமா?

தஞ்சாவூரில் உணவு அறிவியல் படிக்கும் ஆய்வு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். சி.ஆர். 1009 நெல்லில் பாதியைப் பச்சையாகவும் பாதியை அவித்தும் அரைத்து, இரண்டு அரிசியையும் பொடியாக்கி எஃப்டிஐஆரில் (ஒரு பொருள் எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று கோடாக வரைந்து காட்டும் கருவி) வைத்திருக்கிறார். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. அவிக்கும்போது அரிசிக்குள் மாவுச்சத்தும் புரதமும் இடம் மாறுகிறதா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும். "நானோ ஐஆர் என்று ஒன்று இருக்கிறதாமே சார், அதில் தெரியுமா?" என்கிறார்.

தெரியும். அதே அகச்சிவப்பு உறிஞ்சலை நானோமீட்டர் அளவு இடங்களில் அளப்பதுதான் நானோ ஐஆர். ஆனால் கருவி கிடைப்பது இதில் சின்ன விஷயம். அரிசியை எப்படி வெட்டுகிறீர்கள், எந்த அலை எண்ணில் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு) பார்க்கிறீர்கள், வரும் படத்தை எப்படிப் படிக்கிறீர்கள் என்ற மூன்றில்தான் எல்லாமே இருக்கிறது. அழகான வண்ணப்படம் யாருக்கும் கிடைத்துவிடும், அதில் சிவப்பாகத் தெரிவது புரதம்தானா என்று சொல்வதுதான் கஷ்டம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் எஃப்டிஐஆர் ஏன் கைவிட்டது. பொடித்த உடனேயே இடம் பற்றிய தகவல் போய்விட்டது. புரதம் மாவுமணிக்கு (மாவுச்சத்து இருக்கும் குட்டித் துகளுக்கு) வெளியே இருந்ததா, உள்ளே கலந்துவிட்டதா என்று பொடிக்குத் தெரியாது, மொத்தத்தில் எவ்வளவு என்றுதான் அது சொல்லும், அந்த அளவு அவித்தாலும் பெரிதாக மாறாது. சரி, பொடிக்காமல் சீவலாக வெட்டி எஃப்டிஐஆர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாமே என்றால் அங்கே வேறு தடை. புரதத்தின் முக்கியமான உறிஞ்சல் அலை எண் 1650 பக்கம் வரும் (நான் சும்மா எண்ணாகச் சொல்வதெல்லாம் செ.மீ⁻¹ அலகில்). அலைநீளமாகப் பார்த்தால் அது 6 மைக்ரான். மாவுச்சத்தின் 1020 ஏறக்குறைய 10 மைக்ரான். லென்ஸ் வைத்து ஒளியை எவ்வளவு குவித்தாலும் அலைநீளத்தில் பாதிக்குக் கீழே போவது முடியாது, நடைமுறையில் 5 முதல் 10 மைக்ரான்தான் கிடைக்கும். அரிசியின் மாவுமணி தானியங்களிலேயே ரொம்பச் சிறியது, 3 முதல் 8 மைக்ரான் வரை பலகோணமாக நெருக்கி அடுக்கியிருக்கும். அதன் இடுக்குகளில் இருக்கும் புரத உருண்டைகள் 1 முதல் 3 மைக்ரான், சில இன்னும் கொஞ்சம் பெரியவை. மரக்காலை வைத்துக்கொண்டு ஒற்றை நெல்மணியை அளக்கப் போவது போலத்தான் இது.

இந்த இடத்தில்தான் ஏஎஃப்எம்-ஐஆர் என்ற நானோ ஐஆர் வகை வருகிறது. இதில் பிரித்தறியும் வேலையை ஒளி செய்வதில்லை, ஊசி செய்கிறது. அணுவிசை நுண்ணோக்கியின் (ஏஎஃப்எம், ஊசியால் தடவிப் படமெடுக்கும் கருவி) ஊசி முனை 20, 30 நானோமீட்டர் ஆரம் உள்ளது, அது ஒரு மெல்லிய சிலிக்கான் கம்பியின் நுனியில் இருக்கும், அந்தக் கம்பியைத்தான் கான்டிலீவர் என்கிறோம். ஊசி மாதிரிமேல் தொட்டுக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தில் அகச்சிவப்பு லேசர் துடிப்பு ஒன்றை அடிக்கிறார்கள். அந்த அலை எண்ணை உறிஞ்சும் பொருள் ஊசிக்குக் கீழே இருந்தால் அது சூடாகும், சூடானால் விரியும், விரிந்தால் ஊசியைத் தூக்கும். உறிஞ்சாவிட்டால் ஒன்றும் நடக்காது. லேசரின் அலை எண்ணை மாற்றிக்கொண்டே போய், ஊசி எவ்வளவு துள்ளியது என்று வரைந்தால் அந்தப் புள்ளியின் நிறமாலை வந்துவிடும். ஓர் அலை எண்ணில் லேசரை நிறுத்திவிட்டு ஊசியை மேயவிட்டால் படம் வரும்.

துள்ளல் எவ்வளவு தெரியுமா? பாலிமர் வகைப் பொருட்கள் ஒரு டிகிரி சூட்டுக்குத் தம் நீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் விரியும். உங்கள் சீவல் 300 நானோமீட்டர் தடிமன், ஒரு டிகிரி சூடாகிறது என்று வைத்தால் விரிவு 0.03 நானோமீட்டர். ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைவு. இதைப் பிடிக்க ஒரு தந்திரம் இருக்கிறது. கான்டிலீவருக்கு என்று ஒரு ஒத்ததிர்வு அதிர்வெண் உண்டு, லேசர் துடிப்பையும் அதே அதிர்வெண்ணில் தட்டினால் ஒவ்வொரு தட்டும் முந்தையதோடு சேர்ந்து அதிர்வு பல மடங்காகும். துடிப்பின் வேகத்தை விருப்பம்போல் மாற்றக்கூடிய குவாண்டம் கேஸ்கேட் லேசர்கள் வந்த பிறகுதான் இது எளிதானது, அதற்கு முன்னால் நொடிக்கு ஆயிரம் துடிப்பு அடிக்கும் லேசரை வைத்து, ஊசி ஒரு தடவை துள்ளி அடங்குவதைப் பதிவு செய்வார்கள்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர்சேயில் வேலை செய்யும் அலெக்சாந்த்ர் தாசி. 2005-ல் முதல் கட்டுரை வந்தது. லேசருக்காக அங்கிருந்த ஃப்ரீ எலக்ட்ரான் லேசரைப் பயன்படுத்தினார்கள், அது ஒரு கட்டடம் கொள்ளும் சாமான். தொடக்கத்தில் அவர்கள் பார்த்தவற்றில் பாக்டீரியாவும் ஒன்று. ஆக இந்தக் கருவிக்கு மென்மையான உயிர்ப்பொருள் தொடக்கத்திலிருந்தே பழக்கம்தான், பிளாஸ்டிக்காரர்களும் செமிகண்டக்டர்காரர்களும்கூட இதை எடுத்துக்கொண்டார்கள். 2010 வாக்கில் மேசைமேல் வைக்கும் கருவியாக விற்பனைக்கு வந்தது.

எஸ்-ஸ்நோம் என்று இன்னொரு வகை இருக்கிறது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் சூட்டையும் விரிவையும் அளப்பதில்லை, ஊசி முனையில் பட்டுச் சிதறும் ஒளியையே பிடித்து அளக்கிறார்கள். நோல், கைல்மன் இருவரும் 1999-லேயே அதில் வேதிப்படம் எடுத்துக் காட்டினார்கள். ரொம்ப மெல்லிய, தட்டையான மாதிரிக்கு அது பிரமாதம், ஒற்றைப் புரதக் கூட்டங்களைக்கூட அதில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அரிசிச் சீவல் மேடும் பள்ளமுமாக இருக்கும், சிதறும் ஒளி அங்கே படுத்தும். அதைவிட முக்கியம், ஏஎஃப்எம்-ஐஆரில் துள்ளல் உறிஞ்சலுக்கு நேர்விகிதம் என்பதால் வரும் நிறமாலை உங்களுக்குப் பழக்கமான எஃப்டிஐஆர் நிறமாலை போலவே இருக்கும். ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் பொடி நிறமாலையோடு நேராக ஒப்பிடலாம். உங்களுக்கு ஏஎஃப்எம்-ஐஆர்தான் சரி.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், கருவி வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். புரத உருண்டை உடைந்ததா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் உங்களுக்கு 20 நானோமீட்டர் தேவையே இல்லை. ஓ-பிடிஐஆர் என்று ஒரு முறை உண்டு, அகச்சிவப்பு லேசர் சூடாக்கும், பச்சை லேசர் அந்தச் சூட்டைக் கவனிக்கும், அரை மைக்ரான் வரை பிரித்துக்காட்டும், ஊசி தொடவே தொடாது, சீவலும் அவ்வளவு மெல்லியதாக வேண்டாம். 2 மைக்ரான் உருண்டைக்கு அது தாராளம். உடைந்த புரதம் மாவுமணிகளுக்கு நடுவே மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றால்தான் நானோ ஐஆர். எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் சுவாரஸ்யமாகப் படுகிறது. அவித்தால் மாவுமணிகள் ஊதி ஒன்றோடொன்று ஒட்டி எல்லைக்கோடு அழிந்துவிடும், அரிசி கண்ணாடி மாதிரி ஆவதும், அரவையில் குருணை குறைவதும் அதனால்தான். அந்த ஒட்டிய விளிம்பில் என்ன இருக்கிறது என்பது ஒரு மைக்ரானுக்குள் நடக்கும் கதை.

இப்போது வெட்டு. நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். ஆய்வகத்தில் திசுவை வெட்டவேண்டும் என்றால் கை தன்னால் எபாக்ஸிப் பிசினுக்குப் போகும். போடாதீர்கள். எபாக்ஸிக்கு 1510-லும் 1610-லும் உறிஞ்சல் பட்டை உண்டு, 1250-லிருந்து 1030 வரை இன்னொரு கும்பல், மாவுச்சத்தை அடையாளம் காட்டும் கைரேகைப் பகுதிமேல் அப்படியே உட்கார்ந்துவிடும். உறைய வைத்து வெட்டுகிறவர்கள் சர்க்கரைக் கரைசலில் ஊறவைப்பார்கள், அதுவும் வேண்டாம், சர்க்கரையும் மாவுச்சத்தும் 1000 முதல் 1100 வரை ஒரே வீட்டில் குடியிருப்பவை. உறையவைக்கும்போது மாதிரியைப் பிடித்துவைக்கும் கிரையோ பசைகளிலும் இதே சிக்கல்தான். அரிசியைப் பிளந்து, அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிடிப்பானோடு சேர்த்து உறையவையுங்கள், வெட்டும் முகத்தில் தண்ணீர் படக்கூடாது. பிறகு கிரையோ அல்ட்ராமைக்ரோடோமில் (உறைந்த பொருளை மிக மெல்லிய சீவலாக வெட்டும் கருவி) வைரக் கத்தியால் 200 முதல் 400 நானோமீட்டர் வரை.

கத்திக்குப் பின்னால் ஒரு குட்டித் தொட்டி இருக்கும், வழக்கமாக அதில் தண்ணீர் நிரப்பி சீவலை மிதக்கவிடுவார்கள். அரிசிக்கு அது கூடவே கூடாது. பச்சரிசியில் கரையக்கூடிய புரதம் அந்தத் தண்ணீரிலேயே போய்விடும், மாவுமணி ஊதும், பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிப்போய் நீங்களே பாதிப் புழுங்கல் செய்துவிடுவீர்கள். தொட்டி காலியாக இருக்கட்டும். உலர்ந்த சீவலை ஒரு குச்சி நுனியில் ஒட்டிய கண் இமை முடியால்தான் எடுக்கவேண்டும். கேட்க வேடிக்கையாக இருக்கும், உண்மையிலேயே உலகம் முழுக்க அதுதான் கருவி, இமை முடி அளவுக்கு மிருதுவாகவும் கூராகவும் வேறொன்று கைக்கு வரவில்லை. பச்சரிசிச் சீவல் நொறுங்கும், பத்து வெட்டினால் ஒன்று தேறும். புழுங்கல் நன்றாக வழுவழுவென்று வெட்டுப்படும். அதனால் பச்சரிசியில் தேறிய ஒன்றிரண்டு சீவலை வைத்து ஒப்பிடும்போது, தேறியது அரிசியின் எந்தப் பகுதியிலிருந்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் புரதம் அதிகம், நடுவில் குறைவு. ஓரத்துப் பச்சரிசியை நடுப்பகுதிப் புழுங்கலோடு ஒப்பிட்டுவிட்டு "புரதம் குறைந்தது" என்று எழுதிவிடக்கூடாது.

சீவலைக் கண்ணாடித் துண்டின்மேல் வைக்கவேண்டாம். கண்ணாடியும் 900 முதல் 1100 வரை உறிஞ்சும், அதுவும் சூடாகி விரியும். தங்கம் பூசிய சிலிக்கான் துண்டு நல்லது, ஒளியைத் திருப்பியடித்து சமிக்ஞையையும் கூட்டிக்கொடுக்கும். கால்சியம் ஃப்ளூரைடும் பரவாயில்லை.

அடுத்தது அலை எண். எல்லாக் கட்டுரையிலும் புரதத்துக்கு 1650 என்றுதான் போட்டிருக்கும், புரதத்தின் பெப்டைடு பிணைப்பால் வரும் 'அமைட் ஒன்று' பட்டை. அரிசியில் அதை நம்பக்கூடாது. காய்ந்த அரிசியிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு பங்கு ஈரம் இருக்கிறது, புரதம் ஏழெட்டுப் பங்குதான். மாவுச்சத்தோடு பிணைந்த அந்தத் தண்ணீர் 1640-ல் உறிஞ்சும். ஆக 1650-ல் படம் எடுத்தால் புரதமும் தெரியும், ஈரமும் தெரியும், இரண்டும் ஒரே நிறத்தில். அவித்த அரிசியும் பச்சரிசியும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் விதமே வேறு, எனவே "அவித்ததும் புரதம் மாவுமணிக்குள் போய்விட்டது" என்று ஒரு பொய்யான முடிவு தயாராகக் காத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கம் காற்றே ஈரத்துணி, அப்போது எடுத்த படமும் சித்திரையில் எடுத்த படமும் பொருந்தாது.

அதனால் புரதத்துக்கு 1540 எடுங்கள், அதே பிணைப்பின் 'அமைட் இரண்டு' பட்டை. சமிக்ஞை கொஞ்சம் குறையும், ஆனால் தண்ணீர் அங்கே வருவதில்லை. மாவுச்சத்துக்கு 1080 அல்லது 1150. கருவிப் பெட்டிக்குள் காய்ந்த நைட்ரஜனோ உலர் காற்றோ ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் காற்றில் உள்ள நீராவி 1400 முதல் 1900 வரை லேசரைக் கடித்துக் கடித்து விட்டிருக்கும், உங்கள் பட்டைமேல் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அது அரிசி இல்லை.

அவித்ததில் புரதத்தின் மடிப்பு மாறியதா என்று பார்க்கவேண்டும் என்றால் மட்டும் அமைட் ஒன்றைத் தவிர்க்க முடியாது. சுருள் வடிவப் புரதம் 1655 பக்கம், சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டித் தகடாக அடுக்கிக்கொண்ட புரதம் 1620, 1630 பக்கம். மூளை நோய்களில் வரும் புரதத் திரள்களை இப்படித்தான் ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் பார்த்தார்கள், 2015-ல் ருக்கேரி குழு செய்த வேலை இதற்கு நல்ல உதாரணம். அரிசியில் இதைச் செய்ய ஒரு வழி கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள தண்ணீர்). சீவலை மூடிய பாத்திரத்தில் கனநீர் ஆவியோடு வைத்தால் உள்ளே இருக்கும் சாதாரணத் தண்ணீரின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், தண்ணீர்ப் பட்டை 1640-லிருந்து 1210 பக்கம் கீழே இறங்கிவிடும், அமைட் ஒன்று வெளிச்சத்துக்கு வரும். ஆனால் கூடவே புரதத்தின் ஹைட்ரஜனும் மாறத் தொடங்கும், அந்த அளவுக்கு 1540 பட்டை 1450 பக்கம் போய்விடும். எனவே 1540 படத்தை எடுத்து முடித்துவிட்டுப் பிறகு கனநீருக்குப் போங்கள், வரிசையை மாற்றினால் 1540 படம் கெட்டுவிடும்.

மூன்றாவது, இதுதான் இந்தக் கருவியின் நிஜமான பொறி. ஊசி அளப்பது வேதியியலை இல்லை, துள்ளலை. அந்தத் துள்ளல் உறிஞ்சலால் மட்டும் வருவதில்லை, பொருள் எவ்வளவு கெட்டி, எவ்வளவு தடிமன், எவ்வளவு விரியும் என்பதெல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. கெட்டியான இடத்தில் ஊசி நிற்கும்போது ஒத்ததிர்வு அதிர்வெண் ஒன்று, மெத்தென்ற இடத்தில் வேறொன்று. லேசர் பழைய அதிர்வெண்ணிலேயே தட்டிக்கொண்டிருந்தால் மெத்தென்ற இடம் கறுப்பாகத் தெரியும், நீங்கள் அங்கே புரதம் இல்லை என்று நினைப்பீர்கள். அரிசியில் மாவுமணி ஒரு கெட்டி, புரதம் இன்னொரு கெட்டி, அவித்ததும் இரண்டுமே மாறுகிறது, பொறி முழுசாக விரிந்து கிடக்கிறது. இதற்கு, அதிர்வெண் நகர நகரக் கூடவே லேசரையும் நகர்த்தும் வசதி புதிய கருவிகளில் இருக்கிறது, அதை ஆன் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் 1540 படத்தை அப்படியே போடாமல் அதே இடத்தின் 1080 படத்தால் வகுத்துப் போடுங்கள், தடிமனும் கெட்டித்தன்மையும் பெருமளவு அடிபட்டுப் போகும். இரண்டு படத்துக்கும் நடுவே மாதிரி கொஞ்சம் நகர்ந்திருக்கும், கூடவே வரும் உயரப் படத்தை வைத்து ஒட்டிப் பொருத்திய பிறகுதான் வகுக்கவேண்டும்.

இன்னும் ஒரு படம் எடுங்கள், 1800-ல். அங்கே மாவுச்சத்தும் உறிஞ்சாது, புரதமும் உறிஞ்சாது. படம் வெறுமையாக வரவேண்டும். அதிலும் மாவுமணியின் உருவம் அழகாகத் தெரிந்தால், நீங்கள் இதுவரை வேதியியல் என்று நினைத்தது மேடு பள்ளம். ஆய்வுக்கட்டுரையை மதிப்பிட என்னிடம் வந்தால் முதலில் இந்தப் படத்தைத்தான் தேடுவேன், பாதிப் பேர் எடுத்தே இருக்கமாட்டார்கள்.

லேசர் வலிமையைக் குறைவாகவே வைக்கச் சொல்லுங்கள். முதல் நிறமாலையையும் அதே புள்ளியில் ஐந்தாவது நிறமாலையையும் ஒப்பிட்டால் பொருள் உருகுகிறதா என்று தெரிந்துவிடும். 1260-ல் கூர்மையாக ஒரு பட்டை வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது சிலிக்கோன். ஊசிகளை விற்கும் பெட்டிக்குள் இருக்கும் ஒட்டும் ஜெல்லிலிருந்தே அது ஊசியில் ஏறிவிடும், மாதிரியை அப்படிப்பட்ட பெட்டியில் வைத்து அனுப்பினாலும் ஏறும்.

உயிருள்ள செல்லைத் தண்ணீருக்குள் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்கிறார்கள், ஆனால் தண்ணீர் ஒளியையும் தின்னும், ஊசியின் அதிர்வையும் அமுக்கிவிடும். உங்கள் முனைவர் பட்டத்துக்கு அது வேண்டாம்.

அரிசி தவிர நம் பக்கத்துப் பொருட்களில் இதற்குப் பொருத்தமானது எது என்றும் கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு தவிட்டுக்கு. தவிட்டின் அலூரோன் என்ற உள்ளடுக்கில் எண்ணெய் ஒரு மைக்ரானும் அதற்குக் கீழுமான குட்டித் துளிகளாக இருக்கிறது, அரைத்த சில மணி நேரத்திலேயே லைப்பேஸ் நொதி அதை உடைக்கத் தொடங்கும், காறல் வாடை அதனால்தான். எண்ணெய் முழுசாக இருந்தால் 1745, உடைந்து கொழுப்பு அமிலமானால் 1710. இரண்டும் நன்றாகத் தள்ளியிருக்கின்றன, தண்ணீரும் குறுக்கே வராது, எந்தத் துளி முதலில் கெடுகிறது என்று துளித்துளியாகப் பார்க்கலாம். அவித்த நெல்லின் தவிடு ஏன் தாங்குகிறது என்பதற்கு நொதி சூட்டில் செயலிழக்கிறது என்ற பதில் ஏற்கெனவே இருக்கிறது, துளி மட்டத்தில் அதைக் காட்டுவது நல்ல வேலை. திருபுவனம் பட்டு பற்றி நிறைய பேர் ஆசைப்படுகிறார்கள். பட்டின் படிகங்கள் சில நானோமீட்டர்தான், ஊசியைவிடச் சிறியவை, தனித்தனியாகத் தெரியாது, நூலைச் சுற்றியுள்ள செரிசின் என்ற பசை உறை எவ்வளவு போயிற்று என்பது வேண்டுமானால் தெரியும். முத்துப்பேட்டை அலையாத்தி சேற்றில் நானோ பிளாஸ்டிக் தேடலாம், தேடுவதுதான் பிரச்சினை, ஊசி ஒரு தடவைக்குப் பார்ப்பது சில பத்து மைக்ரான் சதுரம், சேறோ வண்டி வண்டியாக.

கருவிக்கு ஐ-ஸ்டெம் தளத்தில் தேடுங்கள், நாட்டில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி வெளியாருக்குக் கிடைக்கும் என்று அதில் பட்டியல் இருக்கிறது. முன்பதிவு செய்வதற்கு முன்னால் கருவி இயக்குபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: லேசர் 1540-ஐயும் 1080-ஐயும் இரண்டையுமே எட்டுகிறதா (சில லேசர்களில் ஒரு சில்லு குறைவாக இருக்கும், பாதி வரம்புதான் போகும்), அதிர்வெண்ணைத் தொடரும் வசதி இருக்கிறதா, பெட்டிக்குள் உலர் காற்று ஓடுகிறதா. மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் புது நெல் கைக்கு வரும்போது அவித்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், பங்குனி வெயிலில் அனுப்புங்கள். சீவலைத் தங்கத் துண்டோடு கண்ணாடி பெட்ரி தட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து மூடி, டேப்பின் பசை உள்ளே படாமல் வெளிப்பக்கம் மட்டும் சுற்றுங்கள். அதே நெல்லின் பொடியில் ஒரு சிட்டிகையும் கூட அனுப்பி, அங்கேயே எஃப்டிஐஆரும் எடுக்கச் சொல்லுங்கள், நானோ நிறமாலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டியிருக்கும்.